அபாவமும் ஸ்பார்க் பிளக்கும்

பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் நடுமுனை ஒன்று. அதன் தலைக்கு நேரே கொக்கிபோல் வளைந்து நிற்கும் தரைமுனை ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி. டர்போ இல்லாத எஞ்சின்களில் இது பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். டர்போ பொருத்திய எஞ்சினில், அதிலும் பூஸ்ட் கூட்டப்பட்ட எஞ்சினில், 0.6 முதல் 0.8 வரை குறைத்து வைப்பது வழக்கம். பணிமனைப் பேச்சில் இதன் பெயர் ‘கேப்’. முனையின் உலோகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கேப் மூடிக்கொண்டால் பிளக் செத்தது. மின்சாரம் தரைமுனை வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிப்போகும். பொறி வராது, வண்டி கிளம்பாது.

பொறிக்குக் காரணம் எது என்று கேட்டால் காயில், மின்னழுத்தம், முனைகள் என்று அடுக்கலாம். இவை எல்லாம் உள்ள பொருள்கள். கேப் அந்த வரிசையில் சேருமா? அது ஒரு பொருளா, பொருள் இல்லாமையா? பொருள் இல்லாமை என்றால் ஒன்றுமில்லாதது எப்படிக் காரணமாகிறது? அதற்கு 0.7 என்று அளவு வந்தது எப்படி? கடைசிக் கேள்வி விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றலாம். இன்மை பற்றிய பழைய வாதங்கள் பலவும் சிக்கிக்கொள்ளும் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இந்தியத் தருக்க நூலார் இந்தக் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாக அலசினார்கள். வைசேடிகம் முதலில் உலகத்தைப் பொருள், பண்பு, தொழில், பொதுமை, சிறப்பு, சமவாயம் என்று ஆறு பதார்த்தங்களாகப் பகுத்தது. பின்வந்தோர் ஏழாவதாக அபாவத்தைச் சேர்த்தார்கள். இல்லாமையும் உலகில் இருக்கும் ஒன்று என்று பட்டியலில் எழுதத் துணிவு வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தருக்க சங்கிரகம் இந்த ஏழையும் சுருக்கமாகச் சொல்லும் பாடநூல். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதை 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கினார். குடம் வனைவதற்கு முன் குடம் இல்லாதது முன்னபாவம். குடம் உடைந்தபின் இல்லாதது அழிவுபாட்டபாவம். காற்றில் நிறம் இல்லாதது என்றுமபாவம். குடம் துணி அல்லாதது ஒன்றினொன்றபாவம். வகை நான்கு.

வகைகளைவிட முக்கியமானது அவர்கள் விதித்த நிபந்தனை. வெறுமனே ‘இன்மை’ என்று ஒன்று கிடையாது. எதன் இன்மை, எங்கே இன்மை என்று இரண்டையும் சொன்னால்தான் பேச்சுக்குப் பொருள் உண்டு. இல்லாத பொருளைப் பிரதியோகி என்றும், அது இல்லாத இடத்தை அநுயோகி என்றும் அழைத்தார்கள். பிளக்குக்கு இதைப் பொருத்தினால், கேப் என்பது நடுமுனைக்கும் தரைமுனைக்கும் இடைப்பட்ட இடத்தில் உலோகத்தின் இன்மை. காற்றின் இன்மை அல்ல. காற்றும் பெட்ரோல் ஆவியும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ‘வெறுமையின் ஆற்றல்’ என்று வியக்கும் கட்டுரைகள் எல்லா மொழியிலும் உண்டு. சீனத்து தாவோ தே ஜிங்கின் 11ஆம் அதிகாரம் சக்கரக் குடத்தின் துளையையும் பானையின் உட்குழிவையும் வைத்து இன்மையின் பயனைப் பேசுவது புகழ்பெற்றது. ஆனால் பானைக்குள் வெறுமை சும்மா இருந்தால் போதும். பிளக்கின் வெறுமையில் இருப்பது என்ன, எவ்வளவு என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது.

வேத விளக்க மரபினரான மீமாஞ்சகரில் பிரபாகரரைப் பின்பற்றியவர்கள் அபாவத்தைத் தனிப் பதார்த்தமாக ஏற்கவில்லை. தரையில் குடம் இல்லை என்பது வெறும் தரை இருக்கிறது என்பதுதான். ‘இல்லை’ என்ற கூடுதல் சரக்கு ஒன்று தரையின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அவர்கள் கட்சி. அணிநூலார் வழி வேறு. தண்டியலங்காரம் ஏது அணியைச் சொல்லுமிடத்தில் ‘அபாவ ஏது’ என்று ஒரு வகையையே வைத்து, அதையும் ஐந்தாகப் பிரிக்கிறது. ஒன்று இல்லாதது இன்னொன்றுக்குக் காரணமாவது கவிதைக்கு எப்போதோ சரியாகிவிட்டது. சண்டை தருக்கத்தில்தான்.

இந்தச் சண்டையில் டர்போ எஞ்சின் பயனுள்ள சாட்சி. 1889இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் ஒரு விதியைக் கண்டறிந்தார். இரண்டு முனைகளுக்கிடையே வாயுவைக் கிழித்துப் பொறி தாவ எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது இடைவெளியை மட்டும் பொறுத்ததல்ல, வாயுவின் அழுத்தத்தை மட்டும் பொறுத்ததும் அல்ல. இரண்டையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 முதல் 4,000 வோல்ட் போதும். பணிமனையில் பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துச் சுற்றிப்பார்த்தால் பளிச்சென்று பொறி வருவதும், அதே பிளக் சிலிண்டருக்குள் போனதும் திணறுவதும் இதனால்தான். உள்ளே பிஸ்டன் காற்றை நெருக்கிவிட்டிருக்கும். தேவை பல மடங்காகும். வெளியே வந்த பொறியை வைத்துப் பிளக் நல்ல பிளக் என்று சான்று கொடுப்பது ஏமாற்றும் சோதனை.

டர்போ இந்த நெருக்கடியை இன்னும் முறுக்குகிறது. டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றின் அழுத்தத்தில் காற்றை உள்ளிழுக்கிறது. ஒரு பார் பூஸ்ட் தரும் டர்போ அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி உள்ளே தள்ளுகிறது. பொறி விழும் நேரத்தில் சாதாரண எஞ்சினின் அழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்தால், 1.1 மி.மீ. கேப்பின் பெருக்குத்தொகை 1.1. அதே கேப்புடன் முழு பூஸ்டில் ஓடினால் 2.2. கேப்பை 0.7 ஆக்கினால் 1.4. வெப்பநிலையும் கணக்கில் வரும் என்பதால் இது தோராயக் கணக்கு. போக்கைக் காட்ட இது போதும். காயில் தரக்கூடிய மின்னழுத்தத்துக்கு எல்லை உண்டு. தேவை அந்த எல்லையைத் தாண்டிய கணத்தில் பொறி தாவாது. சமவெளியில் மென்மையாக ஓடும் வண்டி, ஏற்றத்தில் பெடலை மிதித்ததும் விக்கி விக்கிக் குலுங்கும். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வது அதைத்தான்.

கேப்பைக் கூட்டவே கூடாது என்பதும் இல்லை. இடைவெளி மிகவும் குறுகினால் பிறந்த தீத்துளியின் சூட்டை இருபுறத்து உலோகமும் உறிஞ்சி அதை அணைத்துவிடும். நீண்ட பொறி அதிகக் கலவையைத் தொடும். பூஸ்ட் இல்லாத நேரத்தில், ஐட்லிங்கில், அது எஞ்சினுக்கு நல்லது. ஆகவே கேப் வைப்பது இரண்டு தோல்விகளுக்கு நடுவே ஓர் இடம் பிடிப்பது. பூஸ்டில் பொறி அணையாத அளவுக்கு மட்டும் குறைக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு நூலும் குறைக்கக்கூடாது என்பதே அனுபவமுள்ளவர்கள் கைக்கொள்ளும் வழி. ‘டர்போ என்றால் 0.6’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர் பாஷன் விதியில் ஒரு பாதியைத்தான் படித்திருக்கிறார்.

விதியின் இன்னொரு முனை தத்துவத்துக்கு அதிகம் பயன்படும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் தேவையான வோல்ட்டும் குறையும். ஆனால் காற்றுக்குச் சுமார் 330 வோல்ட் என்ற தாழ்ந்த எல்லையைத் தொட்டபின் அது திரும்பி ஏறத் தொடங்கும். காரணம், மின்னணு ஒன்று மோதி இன்னொன்றை உதிர்க்க வாயு மூலக்கூறு வேண்டும். மூலக்கூறு அருகிவிட்டால் மோத ஆளில்லை, பொறிக்குப் பாதையும் இல்லை. முழு வெறுமை, பொறிக்கு மிகப் பெரிய தடைகளில் ஒன்று. ஆக, கேப்பில் வேலை செய்வது வெறுமை என்று சொல்வது தவறு. பிரபாகரர் கட்சிக்கு இங்கே ஒரு புள்ளி போட்டுவிடலாம்: கேப் என்பது இன்ன தூரத்தில் நிற்கும் இரண்டு முனைகளும் நடுவே இன்ன அடர்த்தியில் இருக்கும் வாயுவும்தான். ‘இன்மை’ என்ற மூன்றாவது ஆள் கணக்குக்குத் தேவைப்படவில்லை. 0.7 என்பதும் இன்மையின் அளவு அல்ல, உள்ளவற்றின் தூரம்.

இத்துடன் முடிந்திருந்தால் வாதம் எளிது. பிளக்கைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு வந்தால் அபாவத்தை ஏற்ற நியாய நூலார் கை ஓங்குகிறது. பிளக்கைத் தேர்வதில் கேப்பைவிடப் பெரிய முடிவு அதன் வெப்பத்தரம். நடுமுனையைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்கச் சுற்றுவழி. அது ‘ஹாட்’ பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சிலிண்டர் தலைக்கு விரைவில் இறங்கும். அது ‘கோல்ட்’ பிளக். டர்போ அதிகச் சூடு தருவதால் பூஸ்ட் கூட்டும்போது ஒரு படி குளிர்ந்த பிளக்குக்கு மாறுவார்கள். எண்களில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. என்ஜிகே, டென்சோ போன்ற ஜப்பானிய நிறுவனங்களில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. பாஷ் நிறுவனத்தில் எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி. பிபிஆர்6இஎஸ் இருந்த இடத்தில் பிபிஆர்7இஎஸ் போட்டால் ஒரு படி குளிர்ந்தது. ஒரே எண்ணை இரண்டு நிறுவனங்களிலும் தேடினால் தலைகீழான பிளக் கையில் வரும்.

வெப்பத்தரம் ஏன் முக்கியம்? முனையின் சூடு சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதன்மேல் படியும் கரி தானே எரிந்து போகும். அதற்குக் கீழேயே நின்றால், உதாரணமாக நெரிசலில் ஊர்ந்தே காலம் கழிக்கும் வண்டியில் மிகக் குளிர்ந்த பிளக் போட்டால், பீங்கான் மூக்கில் கரி பிடிக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். காயில் அனுப்பும் மின்சாரம் கேப்பைத் தாவ முயலாமல் கரிப்பூச்சு வழியாகக் கசிந்துவிடும். காயில் நல்லது, முனை நல்லது, கேப் 0.7 சரியாக இருக்கிறது; ஆனாலும் பொறி இல்லை. காரணங்கள் எல்லாம் இருந்தும் காரியம் இல்லாதபோது என்ன சொல்வது?

தீயைப் பற்றியே இந்தக் கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. ஒரு குறிப்பிட்ட மணியைப் பக்கத்தில் வைத்தால் தீ சுடாது என்பது அக்காலத்து நம்பிக்கை. மணி உண்டோ இல்லையோ, வாதம் கூர்மையானது. தீ இருக்கிறது, விறகு இருக்கிறது, சுடுதல் இல்லை. ஆகவே தீயில் கண்ணுக்குத் தெரியாத ‘சக்தி’ என்று ஒன்று உண்டு, மணி அதைக் கெடுத்துவிட்டது என்றார்கள் மீமாஞ்சகர்கள். நியாயகுசுமாஞ்சலி எழுதிய உதயணர் மறுத்தார்: சக்தி என்ற தனிப்பொருள் வேண்டாம், தடையின் அபாவத்தையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் போதும். மணி வந்ததும் அந்தக் காரணம் குறைந்துவிட்டது, எனவே சுடவில்லை. எதிர்க்கட்சி விடவில்லை. தூண்டும் இயல்புடைய இன்னொரு மணியை வைத்தால், தடை மணி இருக்கும்போதே தீ சுடுகிறதே? அதற்கு நியாய நூலார் விடை: தூண்டுமணி இல்லாத தடைமணி எதுவோ அதன் அபாவமே காரணம்.

கேட்பவருக்கு இது சொற்சிலம்பமாகத் தெரியும். பணிமனையில் இது அன்றாட வேலை. கரி பிடித்த பிளக் தடைமணி. வலுவான காயிலைப் பொருத்தினால் லேசான கரி இருந்தும் பொறி விழும், அது தூண்டுமணி. பிழையைத் தேடும் மெக்கானிக் ‘என்ன குறைகிறது’ என்று மட்டும் பார்ப்பதில்லை. ‘இருக்கக்கூடாத எது இருக்கிறது’ என்றும் பார்க்கிறார். கரியின் இன்மையைப் பிரபாகரர் வழியில் ‘வெறும் பீங்கான்’ என்று மாற்றிச் சொல்லலாம்தான். ஆனால் எண்ணெய்ப் படலம், விரிசல், ஈரம் என்று தடைகள் ஒவ்வொன்றுக்கும் உள்ள இன்மையை எல்லாம் ‘வெறும் பீங்கான்’ என்ற ஒரே சொல்லில் திணித்தால், எதைத் துடைக்க வேண்டும் என்பது மறைந்துபோகிறது. விளக்கத்துக்குப் பிரதியோகி தேவைப்படுகிற இடம் இது.

சூட்டின் மறுகோடியில் வேறொரு பாடம். முனையின் சூடு சுமார் 850, 900 டிகிரியைத் தாண்டினால் அது தணல்போலக் கனன்று, பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். டர்போ எஞ்சினில் இது பிஸ்டனை ஓட்டையாக்கக்கூடிய கேடு. காரணத்தைக் கண்டறிய அளவை நூலார் சொன்ன சோதனை, இது இருந்தால் அது உண்டு, இது இல்லாவிட்டால் அது இல்லை என்ற இரட்டை விதி. இங்கே பொறி இல்லாமலே தீ. விதியின் எதிர்மறைப் பாதி உடைகிறது. தீக்குப் பொறிதான் காரணம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இன்ன நேரத்தில் பிறந்த இன்ன தீக்கு இன்ன பொறி காரணம் என்று குறுக்கித்தான் சொல்ல வேண்டும்.

பிளக்குக்குப் பின்னால், காயிலுக்குள், இன்னும் வினோதமான ஓர் இன்மை இருக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1912 காடிலாக் கார்களில் வந்த முறையில், காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பொறி வருவதில்லை. அந்த மின்சாரத்தை வெட்டும் கணத்தில்தான் வருகிறது. அம்பாசடர் காரின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த ‘பாயிண்ட்’ இதற்குத்தான். இன்று அந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. பொறியின் காரணம் மின்சாரம் என்பதைவிட மின்சாரம் நின்றது என்பதே பொருத்தம். அமெரிக்கத் தத்துவவாதி ஜோனதன் ஷாஃபர் காரணங்கள் பலவும் இப்படித் தொடர்பறுத்தலால் வேலை செய்கின்றன என்று வாதிட்டவர். துப்பாக்கி விசையை அவர் உதாரணம் காட்டினார்: விரல் குண்டைத் தள்ளுவதில்லை, தடுத்து வைத்திருந்த கொக்கியை விலக்குகிறது. இன்னொரு அமெரிக்கத் தத்துவவாதி டேவிட் லூயிஸ் இன்னும் ஒரு படி போனார். இன்மை என்பது ஒரு பொருளே அல்ல. ஆனாலும் இன்மையால் விளைவு நேரும் என்பது அவர் முடிவு.

காயிலைப் பார்த்தால் இதில் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. வெட்டியது ஆற்றல் எதையும் தரவில்லை. ஆற்றல் முன்பே காந்தப்புலமாகக் காயிலில் சேர்ந்திருந்தது. வெட்டு அதற்குப் போக்குவழியை மாற்றியது, அவ்வளவுதான். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்ற சைவ சித்தாந்தப் பகுப்பு இங்கே உதவும். நியாய நூலார் அபாவத்தை நிமித்த காரணமாக மட்டுமே ஏற்றார்கள். இன்மையிலிருந்து எதுவும் வனையப்படுவதில்லை. சித்தாந்தத்தின் மூன்று பெட்டிகளில் போட்டால் அது துணைக்குத்தான் போகும். தீக்கு மண்போல் இருப்பது கலவையும் காயிலின் ஆற்றலும். வெட்டும் கரியின்மையும் சக்கரத்தின் பக்கம்.

இனி, கேப்பைச் சரிசெய்யும் வேலை. புதிய பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அளக்க வேண்டும். கைமாறி வந்ததில் கேப் மாறியிருக்கலாம். 0.7 மி.மீ. ஃபீலர் கேஜ் தகட்டை முனைகளுக்கு நடுவே செலுத்தினால் இரண்டு பக்கமும் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். எதிலும் படாமல் போனால் அதிகம். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் குறைவு. குறைக்க, தரைமுனையின் முதுகைக் கெட்டியான பலகையில் மெல்லத் தட்டுவார்கள். கூட்ட, அதற்கென உள்ள கருவியால் தரைமுனையை மட்டும் நிமிர்த்துவார்கள். நடுமுனையில் நெம்புகோல் ஊன்றவே கூடாது. இரிடியம் பிளக்கின் நடுமுனை 0.4 அல்லது 0.6 மி.மீ. கனமுள்ள ஊசி, சற்று நெம்பினால் உடையும், அல்லது பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். சிலர் இரும்பறுக்கும் பிளேடையே அளவாக நுழைத்துப் பார்ப்பது இரு சக்கர வண்டிக்கு ஓடிவிடும்; டர்போவுக்கு ஓடாது.

இன்மையை எப்படி அறிகிறோம் என்ற வாதமும் இந்தத் தகட்டில் வந்து நிற்கிறது. குடம் இல்லாததைக் கண்ணே காண்கிறது என்றனர் நியாய நூலார். மீமாஞ்சகரான குமாரில பட்டர் ஒப்பவில்லை: காணாமை என்பதே தனி அளவை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இருந்தால் கண்டிருப்போம் என்ற தகுதி இருக்கும்போது மட்டுமே காணாமை சான்றாகும். இருட்டில் குடத்தைக் காணாதது குடம் இல்லை என்பதற்குச் சான்றல்ல. தேய்ந்த பிளக்கில் தட்டைத் தகடு இதே பிழையில் விழுகிறது. பொறி அடித்து அடித்துத் தரைமுனையில் சிறு குழி விழுந்திருக்கும். தட்டைத் தகடு குழிக்குள் இறங்காமல் விளிம்புகளின் மேல் பாலம்போல் நிற்கும். உண்மையில் கேப் அதிகம், தகடு குறைவாகக் காட்டும். உருண்டைக் கம்பி கேஜ் குழிக்குள் இறங்கும். பழைய பிளக்கை அளக்கக் கம்பி கேஜ் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பொறி ஒவ்வொன்றும் முனையில் துளி உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. நிக்கல் சுமார் 1,455 டிகிரியிலும் பிளாட்டினம் 1,768 டிகிரியிலும் இரிடியம் 2,446 டிகிரியிலும் உருகுவதால் தேய்மானத்தின் வேகமும் அந்த வரிசையில் மாறுகிறது. சில பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பின், 0.7 வைத்த நிக்கல் பிளக்கில் 0.9 இருக்கக்கூடும். வைத்த கேப் இருந்த இடத்தில் தேய்ந்து உண்டான கேப். அழிவுபாட்டபாவம் என்று அதற்குப் பெயர் கொடுக்கலாம். தரைமுனையைத் தட்டி மறுபடி 0.7 ஆக்கினால் தகட்டில் எண் சரியாகிவிடும். ஆனால் பூஸ்டில் மிஸ்ஸிங் முழுதும் போவதில்லை. புதிய பிளக்கின் முனையில் கூரான விளிம்பு இருந்தது. மின்புலம் அங்கே குவிந்து, குறைந்த வோல்ட்டில் பொறியைத் தாவவிட்டது. பழையதில் விளிம்பு மழுங்கிவிட்டது. அதே 0.7க்கு இப்போது கூடுதல் வோல்ட் வேண்டும். இரண்டு பிளக்குகளிலும் இல்லாத உலோகத்தின் அளவு ஒன்றே; இருக்கும் உலோகத்தின் விளிம்புதான் வேறு. அதனால் டர்போ காரில் தேய்ந்த பிளக்கை வளைத்துச் சரிசெய்யாமல் புதிய பிளக்கே போடுகிறார்கள்.